சாட்சிக்குக் கூப்பிடாத நாள்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் எங்கள் வக்கீல் அலுவலகம் மாடியில் இருக்கிறது. கீழே விளக்குக் கடை. அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரேசன் அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒரு சின்ன வீடு, அதில் அவர் மட்டும். எங்கள் ஆபீஸில் எழுதிய உயில்களில் பாதிக்கு மேல் அவர்தான் சாட்சி.

அதற்குக் காரணம் என் சோம்பேறித்தனம். உயில் எழுதுகிறவர் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். இங்கே கிளார்க்காக இருக்கும் நான் ஒரு சாட்சி. இன்னொருவருக்கு எங்கே அலைவது? படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒரு கையெழுத்து" என்பேன். அவர் தலையைச் சீவிக்கொண்டு, சொந்தப் பேனாவோடு வருவார்.

வந்தவர் சும்மா இருக்க மாட்டார். "எனக்கு ஒண்ணும் எழுதலையே? எழுதியிருந்தா நான் சாட்சி போடக்கூடாது லா. போட்டா எனக்கு வர்றது போயிடும்" என்பார். சட்டமும் அதுதான். சாட்சி போட்டவருக்கு உயிலில் எதை எழுதியிருந்தாலும் அது அவருக்குக் கிடைக்காது. இந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வருகிறவர்கள் என்னவோ சிரிப்பார்கள். அப்புறம் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு தேக்காவில் சாப்பிடப் போய்விடுவார்கள். அண்ணன் பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டு கீழே இறங்குவார்.

"ஊருக்கெல்லாம் சாட்சி போடுறீங்க, உங்க உயில் எப்ப?" என்று நானும் விடாமல் கேட்பேன்.

"யார் பேரைப் போடச் சொல்றே, அனு?"

"உயில் இல்லாம போனா, சொந்தம்னு யாரும் வரலைன்னா, கடைசியில கவர்மெண்டுக்குத்தான் போகும்."

"கவர்மெண்டுதானே வீடு குடுத்துச்சு. அதுவே எடுத்துக்கட்டும்."

சிபிஎஃப் சேமநிதிப் பணம் உயிலில் வராது, அதற்குத் தனியாக ஆள் பெயர் கொடுத்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அதே கேள்வி. யார் பேரை? எனக்குப் பதில் தெரியாத கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரே என்று அவர் மேலேயே கோபம் வரும்.

அவரைத் தேடி வருகிற ஒரே ஆள் இராமசாமி ஐயா. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார், மகன் பெர்த்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக விளக்குக் கடைக்கு வந்து ஒரு பல்பு வாங்குவார். ஒரு வீட்டில் இத்தனை பல்பு எரிந்துபோகிறது என்றால் வயரிங்கைத்தான் மாற்ற வேண்டும். "வந்துட்டாரு, இனி மத்தியானம் வரைக்கும் பேச்சுத்தான்" என்று அண்ணன் முணுமுணுப்பார். ஐயா வருவதற்கு முன்பே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருப்பதும் அவர்தான்.

போன வருஷம் அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன். வீட்டுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆள் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு அண்ணன் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் கூடப் போனவர் இராமசாமி ஐயா, கைத்தடியோடு. இரண்டு பேரில் நோயாளி யார் என்று நர்ஸுக்கே குழப்பமாம்.

போன மாதம் ஐயா உயில் எழுத வந்தார். வக்கீல் ரக்ஷனா எழுதியதை நான்தான் டைப் செய்தேன். கையெழுத்துப் போடும் நாளன்று அண்ணன் தலையைச் சீவிக்கொண்டு கடை வாசலிலேயே நின்றிருந்தார். ஐயா மேலே போனதைப் பார்த்துவிட்டார். நான் இறங்கி வந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கடையைத் தாண்டிப் போய், பக்கத்துக் காப்பிக்கடை லீ ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு படியேறினேன். முதுகு கூசியது.

ஐயா போன பிறகு அண்ணன் மேலே வந்தார். கூப்பிடாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"என் கையெழுத்துக்கு என்ன கேடு?" என்றார். "எவன் எவனுக்கோ கூப்பிட்டே. தெரிஞ்ச மனுசன்னு எனக்கு இருக்கிறது ஒருத்தர். அவருக்குப் போட நான் ஆகாதா?"

"அண்ணே, அடுத்தவங்க உயிலைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது."

"சொல்ல வேணாம். நான் போறேன்."

இரண்டு படி இறங்கினார். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்ட அந்த ஜோக் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை.

திரும்பி ஏறி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு வக்கீலம்மா இருப்பாங்களா?"

"இருப்பாங்க. என்ன விஷயம்?"

"என் உயிலை எழுதிடலாம்."

ஐயாவுக்கு எண்பத்திரண்டு வயது, அவருக்குப் பிறகு யாருக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை ரக்ஷனா சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"சாட்சிக்கு லீ ஆன்ட்டியையே கூப்பிடு, அனு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. கீழே இராமசாமி உட்கார்ந்திருப்பாரு, அவரைக் கூப்பிட்டுடாதே."