குறை சொல்லாத வாடிக்கையாளர்கள்

என் மகளின் செயலி வெளிவந்து மூன்று வாரம் ஆகியும் ஒருவர்கூட அதைக் குறை சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது அதனால்தான். கல்யாண வீட்டுப் பாயசத்தில் முந்திரி குறைந்துவிட்டால், பாறசாலையில் சாப்பிட்டவர் நெய்யாற்றின்கரையில் இறங்கும்வரை அதைப் பேருந்தில் சொல்லிக்கொண்டே போகும் ஊர் எங்களுடையது.

செயலி எளிமையானதுதான். தேங்காய் வெட்ட ஆள் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் அதில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் பேசி வைத்திருந்த மரமேறுகிறவர்கள் இருவரில் ஒருவருக்குத் தகவல் போகும். ஆள் கிடைக்காமல் காய்ந்த தேங்காய் விழுந்து ஓடு உடையும் வீடுகள் இங்கே நிறைய இருப்பதால், கேட்டவுடன் நல்ல யோசனை என்றே எனக்கும் தோன்றியது. மகள் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். ஒரு மாத விடுப்பில் வந்து, பாதி முடித்த நிலையிலேயே அதை வெளியிட்டாள். ஜனங்கள் கூப்பிட்டால் வேலையை விட்டுவிடுவாள், இல்லையென்றால் திரும்பிப் போவாள். திங்கட்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஜனங்கள் தினமும் கூப்பிட்டார்கள். வேலையை விடுவதென்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

நானோ பள்ளி ஆசிரியை. இவள் அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஓய்வு பெற அதிக வருடங்கள் இல்லை. தூக்கம் வராமல் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். மரமேறுகிறவர்களே பொய்யாகக் கூப்பிடுகிறார்களோ? இவளோடு வேலை பார்ப்பவர்கள் யாராவது விளையாடுகிறார்களோ? ஒருநாள், இவளே பொய்ப் பெயர்களில் கூப்பிட்டுக்கொள்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. அன்று அவள் முகத்தைப் பார்த்துச் சோறு பரிமாற முடியவில்லை.

அவள் விடுப்பின் கடைசிச் சனிக்கிழமை தனுவச்சபுரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்காவின் வீட்டு முற்றத்தில் தேங்காய் கிடந்தது. எல்லாம் பச்சைப் பிஞ்சு. கையில் எடுத்தால் கனமே இல்லை. மேலே செயலி வழியாக வந்த ஆள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்மச்சியே, இதுல இனி குருத்து மட்டுந்தான் உண்டு. அதையும் வெட்டணுமா?”

“நீ இறங்கி வா. சாயா குடிச்சிட்டுப் போ,” என்றார் அக்கா. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“போன மாசந்தானே வெட்டினீங்க?” என்று கேட்டேன்.

“வெட்டினதுதான் டீச்சரே. நாலு பேரு விளிச்சாத்தானே பிள்ளைக்கும் ஒரு தைரியம் வரும்.”

“காய் இல்லாத தெங்குலயா?”

“காய் பிறகும் காய்க்கும். அண்ணைக்கு ஜெபத்துல நீங்க கரைஞ்சது எங்களுக்குச் சகிக்கல்ல ஆக்கும்.”

செயலி வெளிவந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், யாருக்கு என்ன விண்ணப்பம் என்று கேட்டார்கள். மகள் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறாள், பயமாக இருக்கிறது என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான் கேட்டது ஜெபம் மட்டுமே. அவர்கள் ஜெபித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செயலியில் ஆளையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போகும் வழியில் இன்னும் இரண்டு வீடுகளில் விசாரித்தேன். இரண்டிலும் இதே கதை. பெருங்கடவிளை ரோட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் இரண்டு முறை ஆள் வரவழைத்திருக்கிறது. அந்த வீட்டில் தென்னை மரமே இல்லை. “அவரு வந்து அப்பம் தின்னிட்டுப் போனாரு. பாவம் மனுசன்,” என்றாள் அந்த வீட்டுப் பெண்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் மகளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லிக்கொடுத்து விளிக்க வச்சதா?”

“இல்ல மக்கா.”

“இல்ல, நான் வேலைய விடாம இருக்கதுக்கு இப்ப இப்பிடி ஒரு கதை சொல்லுதியளா?”

நான் ஆயிரம் பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். என் பிள்ளை என்னை அப்படிப் பார்த்தது அதுவே முதல் முறை.

நான் காட்டிய சபை வீடுகளை அவள் மடிக்கணினியில் ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில் நாங்கள் இருவருமே அறியாத நான்கு வீடுகள் மிஞ்சின. அதில் ஒன்று பனச்சமூட்டில். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். எடுத்த பெண் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“நீயாக்குமா பிள்ளே இத நடத்துதது? காலத்த வாறேன்னு சொன்ன ஆளு உச்சைக்கு வந்தான். வெட்டின மட்டைய முழுக்க கிணத்துக்குள்ள தள்ளிட்டுப் போனான். நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?”

“எங்கிட்ட சொல்லுங்க அக்கா. இனி எங்கள விளிக்க மாட்டியளோ?”

“விளிக்காம? வேற ஆளு கிடைச்சா உன்னய ஏன் விளிக்கேன்? அடுத்த வெட்டுக்கு அவன நேரத்துக்கு அனுப்பு. கிணத்துக்கு ஒரு வலையும் கொண்டு வரச் சொல்லு.”

மகள் அதையெல்லாம் குறித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. வாழ்த்தியவர்களிடமிருந்து அவளால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. எப்படித் திருத்த வேண்டுமென்று இந்தப் பெண்ணின் ஏச்சில் இருந்தது.

“நாலு வீட்ட நம்பி வேலைய விட முடியாது,” என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள். திங்கட்கிழமை வருவதாகக் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினாள். செயலியை மூடவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“அடுத்த சனிக்கிழம பனச்சமூட்டுக்குப் போறேன். நீங்க வர வேண்டாம். ஆருகிட்டயும் சொல்லவும் வேண்டாம். ஜெபத்துலயும் வேண்டாம்.”

சரி என்றேன். அதை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.