தலை மூடிய நாலு

கண்ணாடிக் கடையில் முப்பத்தொரு வருடம் லென்ஸ் தேய்த்தவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், தெருவிலும் அப்படித்தான். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. பெருமை என்ன பெருமை, தலைக்கனம் என்றே சொல்லிவிடலாம். அது மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய வெள்ளிப் பாளங்கள். எல்லாப் பாளமும் அல்ல, ஆமைப் பாளம் மட்டும். அறுபது வருடத்துக்கு முன்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஓர் உருக்குப் பட்டறை தொடங்கினார்கள். பழைய வெள்ளியை உருக்கி, சோப்புக்கட்டி அளவில் வார்த்து, முதுகில் ஓர் ஆமை முத்திரையும் வரிசை எண்ணும் அடித்து அனுப்புவார்கள். பதினோரு வருடத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். அந்தப் பாளங்களைத் தேடி அலைகிறவர்கள் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்து மாடியில் கூடுவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒரு கட்டியைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அங்கே பூதக்கண்ணாடி சொன்னதுதான் தீர்ப்பு. பாளத்தைக் கையில் வாங்கியதும் முதலில் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். வார்த்த வெள்ளி ஆறும்போது விளிம்பில் மெல்லிய வரிகள் விழும். இயந்திரத்தில் அழுத்தியதில் அது இருக்காது. பிறகு மெல்லிய தாளை மேலே போட்டுப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, முத்திரையையும் எண்ணையும் பிரதி எடுத்துக்கொள்வார். இப்படி நானூறு பிரதிகள், ஒவ்வொன்றின் கீழும் அவருடைய குறிப்பு. அந்த நோட்டை வைத்துத்தான் பதினைந்து பேரும் மனப்பாடம் செய்துவைத்திருந்த விதியை அவர் வகுத்தார்: ஆமைப் பட்டறையின் நாலு என்ற எண்ணுக்கு உச்சி திறந்திருக்கும், சாய்கோடும் நேர்கோடும் மேலே சேராது, காலில் எறும்பு கடித்தது போல ஒரு சின்னத் தழும்பு இருக்கும். தலை மூடியிருந்தால் போலி.

விதி பிறந்த கதையும் சின்னதுதான். ஒரு மோசடிக்காரன் ஈயத்தை உள்ளே வைத்து மேலே வெள்ளி பூசிய இரண்டு பாளங்களைக் கூட்டத்தில் தள்ளப் பார்த்தான். இரண்டிலும் நாலின் தலை மூடியிருந்தது. பூதக்கண்ணாடிக்கு அது போதுமானதாக இருந்தது. போலி செய்கிறவன் ஏதோ ஒரு நல்ல பாளத்தைப் பார்த்துத்தானே செய்திருப்பான் என்று அவருக்கு அன்று தோன்றவில்லை.

அவருடைய மாமனார் அந்தப் பட்டறையில் வெள்ளி ஊற்றியவர். பட்டறை தொடங்கிய முதல் நாள், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றியதற்காக முதலாளி அன்றைய பாளங்களில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். எண் நாற்பத்தொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும், மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவராக இருந்தாலும் சரி, உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். பாளத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டிவைத்திருந்தார். மாப்பிள்ளை பத்துத் தடவை கேட்டும் காட்டவில்லை. "கூட்டத்துல, எல்லார் முன்னாலயும்தான் காட்டுவேன்" என்று பிடிவாதம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். துணியை அவிழ்த்து மேசையில் வைத்தார். பூதக்கண்ணாடி பிரதி எடுத்தார், லென்ஸைக் கண்ணில் வைத்தார். நாலின் தலை மூடியிருந்தது.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினான்கு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் என்று சலுகை காட்டுகிறார் என யாரும் பேசிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

"மாமா, இது ஒரிஜினல் இல்ல."

"என் கையால ஊத்தினது, மாப்பிள்ளை."

"நாலோட தலை மூடியிருக்கு பாருங்க."

"நாலைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் ஊத்தினவன். நம்பர் அடிக்கிறது உள் ரூம்ல."

யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். கிழவர் இத்தனை வருடம் விட்டதெல்லாம் சரடு என்று அந்த அறை முடிவு செய்துவிட்டது. மாமனார் பாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். மறுவாரமே அதைத் தன் கையாலேயே உருக்கக் கொடுத்து, இரண்டு டம்ளராகச் செய்து மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"சுத்தமான வெள்ளிதான், மாப்பிள்ளை. உருகுறப்பவே தெரிஞ்சுது" என்றார்.

"வெள்ளி நல்லதா இருக்கலாம் மாமா, முத்திரை போலி" என்று மாப்பிள்ளை விளக்கினார். அதற்கப்புறம் மாமனார் பட்டறையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

போன வாரம் பழைய சாமான் கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டறை முதலாளியின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்ததாம். உள்ளே ஆமை முத்திரை, சுத்தியலால் தட்டி எண் பதிக்கும் ‘பஞ்சு’ என்ற இரும்பு அச்சுகள் ஒரு வரிசை, அடியில் ஒரு செப்புத்தகடு. பூதக்கண்ணாடி பெட்டியை விளக்குக்குக் கீழே நகர்த்தினார். நாலாம் எண் பஞ்சை எடுத்து லென்ஸில் பார்த்தார். உச்சியில் ஒரு சில் தெறித்து விழுந்திருந்தது. பிறகு தகட்டைத் துடைத்தார். பஞ்சுகள் புதிதாக வந்தபோது ஒன்றிலிருந்து பூஜ்யம்வரை அடித்துப் பார்த்த தகடு அது. மூலையில் ஆணியால் கீறிய தேதி, பட்டறை தொடங்கியதற்கு இரண்டு நாள் முன்பு.

தகட்டில் நாலின் தலை மூடியிருந்தது. காலில் அதே தழும்பு.

அவர் வேலை மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே பஞ்சு. முதலில் தலை மூடியிருந்தது, அடித்து அடித்து முனை உடைந்த பிறகு திறந்துகொண்டது. அப்படியானால் தலை மூடிய நாலு போலி அல்ல, ஆரம்ப நாட்களின் பாளம். அவர் பேச்சைக் கேட்டு ஏழு பேர் அப்படிப்பட்ட பாளங்களை உருக்கியிருந்தார்கள். அந்த ஏழு பேரை அவர் அப்போது நினைக்கவில்லை. நோட்டை எடுத்து நாற்பத்தொன்றாம் எண்ணின் பிரதியைத் தேடினார். நாலின் காலில் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. கீழே அவர் கையெழுத்தில் குறிப்பு: "போலி. செய்தவன் கெட்டிக்காரன், தழும்பைக்கூட விடவில்லை."

கண்ணுக்கு முன்னால் சாட்சி இருந்தும் அதையே குற்றமாக எழுதிவைத்திருந்தார். அவருக்குத் தன்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது.

மனைவியிடம் சொன்னபோது அவள் அந்த டம்ளரில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் கீழே வைத்தாள்.

"அப்ப எங்கப்பா சொன்னது உண்மை."

"உண்மைதான்."

"நீங்க சொன்னத நம்பி நானும் ஒருநாள் அவர்கிட்ட சொன்னேன், போதும்ப்பா, இனிமே அந்தக் கதைய யார்கிட்டயும் சொல்லாதீங்க, அசிங்கமா இருக்குன்னு. உங்களுக்கு அது தெரியாது." அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள். "கிளம்புங்க. உயிரோட இருக்கும்போதே சொல்லிடுங்க."

மாமனார் மகன் வீட்டில், மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தார். எண்பத்திரண்டு வயது. இரண்டு வருடமாக ஞாபகம் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இருவரையும் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது போல மரியாதையாக, "உக்காருங்க" என்றார்.

"மாமா, நான்தான், உங்க மாப்பிள்ளை."

"அப்படிங்களா" என்றார்.

பூதக்கண்ணாடி நோட்டிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த பிரதியை அவர் மடியில் விரித்தார். கிழவரின் விரல் ஆமையின் முதுகைத் தடவியது. முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக இருவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"இது நீங்க ஊத்தினது மாமா. முதல் நாள். நாற்பத்தொண்ணு. ஒரிஜினல்தான். நான் தப்பா சொல்லிட்டேன்."

விரல் எண்ணுக்கு நகர்ந்தது. நாலின் மேல் நின்றது. மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போனது.

"இல்லீங்க. இது போலி. தலை மூடியிருக்கு பாருங்க."

"அந்த விதியே தப்பு மாமா. பஞ்சு உடைஞ்சதுனால..."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு" என்று கிழவர் குரலைத் தாழ்த்தினார். "முதல் நாள் நான் ஊத்தினேன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை கண்டுபிடிச்சுட்டாரு. அவருக்கு இதெல்லாம் அத்துப்படி."

"நீங்க பொய் சொல்லலப்பா" என்றாள் மகள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"சொன்னேன்மா" என்று அவர் அவளைச் சமாதானப்படுத்தினார்.

பட்டறையும் முதலாளியும் அடுப்பின் சூடும் அந்த மனதிலிருந்து போய்விட்டன. மாப்பிள்ளை சொன்னது மட்டும் தங்கிவிட்டது. பூதக்கண்ணாடி இனி எதைச் சொன்னாலும் அது யாரோ ஒரு வழிப்போக்கன் சொன்னதாகத்தான் இருக்கும்.

கிழவர் தாளை நாலாக மடித்து, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.

"இத நாலு பேர் முன்னால காட்டிக் கேவலப்படாதீங்க, தம்பி" என்றார். "வெள்ளி நல்ல வெள்ளிதான். உருக்கிடுங்க."