எட்டு வாரம்

பதிவு அலுவலகத்துக்கு எதிரில், ஒரு மாடிப்படியின் அடியில் அவர் கடை வைத்திருந்தார். எழுந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் இருபத்திரண்டு வருடமும் உட்கார்ந்தே கழிந்தது. ஒரு நகல் இயந்திரம், ஒரு லேமினேஷன் இயந்திரம், கைப்பிடி வைத்த வெட்டுக்கத்தி. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் லேமினேஷன்காரர். முதுகுக்குப் பின்னால் கண்ணாடித்தாள்.

எந்தச் சான்றிதழ் வந்தாலும் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். எவ்வளவு பழைய காகிதம், எவ்வளவு சூடு தாங்கும் என்று விரல் சொல்லிவிடும். ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களைப் பார்க்காமலே பிரிப்பார். உருளையிலிருந்து சூடாக வெளியே வந்ததும், "இனிமே இதுக்குச் சாவு கிடையாது" என்று நீட்டுவார். இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்த ஒருவரிடமும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லி அடி வாங்கப் பார்த்தார்.

கூட்டம் ஓய்ந்த பிறகுதான் சாப்பாடு. சில நாள் அது நாலு மணிக்கு. நாற்பது வயதில் நெஞ்செரிச்சல் வந்தது. புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறும். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்கினார். மனைவி வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள். "வயித்துல அடுப்பை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு உக்காந்திருப்பீங்க?" என்று தெருமுனை டாக்டரிடம் அனுப்பினாள்.

டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் கேப்சூல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். மெல்லக் கூடாது, பிரித்துக் கொட்டக் கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். ஐந்தாம் நாள் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

அந்தச் சீட்டு அவருக்குப் பொக்கிஷமாகிவிட்டது. சட்டைப்பையில் மடித்து மடித்து நைந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அதை லேமினேஷன் செய்ய எடுத்தார். சீட்டு, லேமினேஷன் உறையைவிட இரண்டு விரற்கடை நீளம். மடித்தால் மேடு தட்டும், மேடு தட்டினால் காற்று நிற்கும். அடியில் இருந்தது ஒரே ஒரு வரிதான். எட்டு வாரம் மட்டும், பிறகு வந்து காட்டவும். அவர் படிக்காமல் இல்லை. மறுபடியும் வரச்சொல்வது அவர்கள் பிழைப்பு என்று நினைத்தார். கத்தியை இறக்கினார்.

பிறகு ஒன்பது வருடம்.

மருந்துக்கடைக்காரர் முதல் சில தடவை கேட்டார். "டாக்டர்கிட்ட திரும்பக் காட்டினீங்களா?"

"சீட்டைப் பாருங்க. கெடு ஏதாவது போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. போகப்போக இவர் தெருவின் இந்தப் பக்கமிருந்தே அட்டையைத் தூக்கிக் காட்டுவார். கடைக்காரர் அந்தப் பக்கமிருந்தே மாத்திரைப் பட்டையை எடுத்து வைப்பார். "சீசன் டிக்கெட் வந்தாச்சு" என்பார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அவர் ஒழுங்கில்லாதவர் என்று சொல்ல முடியாது. கடிகாரம் பார்த்து விழுங்கினார். கடிகாரம் பார்த்து அரைமணி காத்திருந்தார். ஒரு நாள்கூட மென்றதில்லை. சொன்னதையெல்லாம் செய்தார், வெட்டிப் போட்டதைத் தவிர.

எட்டாவது வருடத்தின் கடைசியில் ஒரு நாள் கடைக்கு ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். பக்கத்து டைப்பிஸ்ட் சொல்லித்தான் தெரிந்தது. "என்ன அண்ணே, இன்னொண்ணு பின்னால வருதா?" சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார். செருப்பு இரண்டு தெரு தள்ளிக் கிடந்தது. கழன்றது காலுக்குத் தெரியவில்லை. பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. ஒரு மாலை மனைவி கையைப் பிடித்துப் பார்த்தாள். "கொப்புளம் வெடிச்சிருக்கு. சுட்டது தெரியலையா?" வயசாகிறது என்றார். நாற்பத்தொன்பது.

ஓய்வுபெற்ற ஒரு வாட்ச்மேன் தன் பணிச் சான்று இரண்டு பக்கத்தையும் கொடுத்தார். தனித்தனியாகப் போடச் சொன்னார். இவர் வழக்கம்போல் விரலால் தேய்த்தார், உறையில் வைத்தார், உருளையில் விட்டார். வெளியே வந்தது ஒரே அட்டை. வாட்ச்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது பக்கம் எங்கே?"

அது முதல் பக்கத்தின் முதுகில் முகம் புதைத்து உள்ளே இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் அதில்தான்.

"பிரிச்சுக் குடு."

பிரிக்க முடியாது என்று இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வாட்ச்மேன் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து அட்டையை வெயிலில் பிடித்து, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தியிருக்கலாம்.

மறுநாள் மனைவி அவரைப் பொது மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயதிருக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். அவர் அட்டையை எடுத்து நீட்டினார். கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டினார். அவள் தேதியைப் பார்த்தாள். பிறகு அடி ஓரத்தை.

"எத்தனை நாளைக்குன்னு எழுதலையா?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"ஏங்க, கேக்கறாங்கல்ல?" என்றாள் மனைவி.

"இருந்துச்சு. வெட்டிட்டேன்."

ரத்தம் எடுத்தார்கள். நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி பன்னிரண்டு அடிமட்டத்துக்கும் கீழே இருந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். "இந்த மாத்திரை மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா சாப்பாட்டுல இருக்கற அந்தச் சத்தைப் பிரிச்செடுக்க வயித்துக்கு அமிலம் வேணும். நீங்க ஒன்பது வருஷமா அதை அடக்கி வெச்சிருக்கீங்க. சிலருக்கு இந்த மருந்து வருஷக்கணக்கா தேவைப்படும். அது தப்பில்லை. நடுநடுவுல யாராவது பாக்கணும், டெஸ்ட் எடுக்கணும். உங்களை யாரு பாத்தாங்க?"

"மருந்துக்கடைக்காரர்" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் ஆரம்பித்தாள். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி. ஊர்க் காகிதத்துக்கெல்லாம் ஓரத்துல ஒரு எழுத்து போகாம வெட்டுவாராம். சொந்தச் சீட்டுல உசுரை வெட்டிப் போட்டுட்டு வந்திருக்காரு."

படிப்படியாகத்தான் விட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அவர் கோபத்தில் அன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போட்டார். மூன்றாம் நாள் நெருப்பு பழைய அளவுக்கு மேலேயே திரும்பி வந்தது. திரும்பப் போய் நின்றார். "இது நோய் இல்லை. இத்தனை நாள் கட்டிப் போட்டதை ஒரேயடியா அவிழ்த்தா இப்படித்தான் துள்ளும்" என்றாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு இரண்டு நாள் விட்டு. சாப்பாட்டை நேரத்துக்கு. நாலாவது மாதம் மாத்திரை நின்றது. நெஞ்சு எரியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருந்து பார்த்தார். எரியவே இல்லை.

வயிறு எப்போதோ ஆறியிருக்கிறது. எப்போது என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னாள். "எட்டு வாரத்துலயே ஆறியிருக்கலாம்."

பி பன்னிரண்டுக்குப் போட்ட ஊசி தொடர்ந்தது. காலில் உணர்வு ஓரளவு திரும்பியது. செருப்பு தங்கியது. கடையை மனைவி பார்த்தாள். தையல்காரி, கத்தி அவளுக்குப் புதிதல்ல. பத்து நாளில் எல்லாம் கற்றுக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் அவளிடம், "அவரைவிட நீங்க சுத்தமா வெட்டறீங்கம்மா" என்று அவர் எதிரிலேயே சொன்னார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தார். யாரும் பார்க்காதபோது ஒரு தாளை எடுத்துத் தேய்ப்பார். இரண்டை எடுத்துத் தேய்ப்பார்.

ஆறாவது மாதப் பரிசோதனைக்கு இருவரும் போனார்கள். அன்று விரல்கள் தேறிவிட்டதாக டாக்டரம்மா சொல்லிவிட்டால் கடையில் தன் இடத்தில் உட்காரலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள்.

"பஞ்சால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

அவர் உள்ளங்கையை விரித்து வைத்தார். மின்விசிறி சுற்றியது. நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

"இப்போ" என்றார்.

இன்னொரு கிறீச்.

"இப்போ. இப்போ நல்லாத் தெரியுது."

"ஏங்க," என்றாள் மனைவி, வீட்டில் பேசாத குரலில். "அவங்க இன்னும் பஞ்சையே எடுக்கலைங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.