சிவப்பு மூடிப் போத்தல்

அரசாங்கக் கெமிஸ்ட் சாட்சிக் கூண்டில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நவமணிக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் சீனி ஜெயிலுக்குப் போகப்போகிறார்.

கெமிஸ்ட் தடுமாறவே இல்லை. இரத்தத்தை இரண்டு முறை சோதித்தாராம், இரண்டு முறையும் ஒரே அளவு. நூறு மில்லிலிட்டருக்கு அறுபத்தொரு மில்லிகிராம் மது. சட்டம் ஐம்பதுக்கு மேல் விடாது. மலாயில் அவர் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சீனியின் காதில் போட்டார். ஈப்போ நீதிமன்றத்தின் அந்தச் சிறிய அறையில் சீனி தலையாட்டிக்கொண்டே நின்றார், யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல.

சீனி சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லோரி டிரைவர். பதினாலு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையில் லோரி வழுக்கி ஒரு மோட்டார்சைக்கிள்காரர்மேல் மோதியது. அவருக்குக் கால் உடைந்தது. சீனிக்கு ஸ்டியரிங்கில் அடிபட்டு மயக்கம். ஊதிப் பார்க்க முடியாததால் பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் குடிக்கல." குடியை விட்டு அப்போது நாலு வருடம்.

நவமணி நம்பினாள், மூன்று வாரம். பிறகு ரிப்போர்ட் வந்தது. மெஷின் அச்சடித்த எண்ணுக்கு முன்னால் டிரைவர் வாய் எந்த மூலைக்கு? அன்றிலிருந்து சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. லைசன்ஸைப் போலீஸ் எடுத்துக்கொண்டதால் ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும்போது மோட்டாரை அவளே ஓட்டினாள். வழியில் இறங்க வேண்டிய நாட்களில் சீனி பின்னால் உட்கார்ந்து வந்தார்.

சீனியின் வக்கீல் பூபாலசிங்கம் மெஷினைத்தான் குறிவைத்தார். கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? அன்று காலையில். சான்றிதழ்? இதோ. கேட்ட கேள்வியெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. அவர் மேசையில் வழக்குச் சான்றுகளின் போட்டோ ஆல்பம் திறந்து கிடந்தது. பின் பெஞ்சிலிருந்து நவமணி எட்டிப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் போத்தல், சிவப்பு மூடி, பாதிக்கு இரத்தம்.

இடைவேளையில் மூவரும் கேன்டீனுக்குப் போய் ஆற்றிய பால் டீ, தே தாரிக், வாங்கினார்கள்.

"நல்லா குடிச்சுக்கிறேன் சார்," என்றார் சீனி. "உள்ள போனா தே தாரிக் யாரு குடுப்பா லா?"

நவமணி சிரிக்கவில்லை. "சார், அந்தப் போத்தல்ல மருந்து போட்டாங்களா?"

"என்ன மருந்து?"

"கெட்டுப்போகாம இருக்கத்தான். சித்தியவான் ரப்பர் தோட்டத்துல நான் பத்து வருஷம் பால் வெட்டுனவ சார். ஸ்டோர்ல கணக்கெழுதுற கிராணி ஒவ்வொரு வாளியிலயும் சாம்பிள் எடுப்பாரு. எடுக்குறதுக்கு முன்னாடியே போத்தல்ல அமோனியா விட்டுருவாரு. ஒருநாளு மறந்துட்டாரு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் புளிச்சுக் கட்டிப் போச்சு. புளிச்ச பால்ல என்ன அளவு பாத்தாலும் அது மரத்தோட அளவு இல்ல சார்."

"அது ரப்பர் பால். இது இரத்தம் அம்மா."

"இரத்தத்துக்கு மட்டும் சூடு ஒறைக்காதா?"

"கேளுங்க சார்," என்றார் சீனி. "என்கிட்ட ஒரு வருஷத்துக்கு மேல வாயத் தொறக்கல. உங்ககிட்டயாவது பேசுறா."

பூபாலசிங்கம் சிரிக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கோப்பை விரித்தார். இரத்தம் எடுத்தது வெள்ளி மாலை ஐந்து இருபது. ஆய்வகத்தில் சேர்ந்தது செவ்வாய் காலை பத்து. திங்கள் பொது விடுமுறை. இடையில் போத்தல் போலீஸ் பாலாயில், பூட்டிய அலமாரியில் இருந்தது. முந்தின நாள் போலீஸ் அதிகாரியிடம் பூட்டைப் பற்றி எட்டுக் கேள்வி கேட்டிருந்தார். ஐஸ் பெட்டியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. கிளினிக் தாளில் 'பதப்படுத்தும் மருந்து' என்ற கட்டம் காலியாக இருந்தது.

அவருடைய தங்கை மகள் டாக்டர். அவளுக்குப் போன் போட்டார். "சிவப்பு மூடி பிள்ளை, சிவப்பு... ஓ, அப்பிடியோ?" தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுபடி நீதிமன்ற அறை. பூபாலசிங்கம் எழுந்து கெமிஸ்டிடம் கேட்டார்.

"மது சோதனைக்கு எந்த மூடிப் போத்தல் வேண்டும்?"

"சாம்பல் மூடி," என்றார் கெமிஸ்ட். "அதில் இரத்தம் கெடாமல் காக்கும் மருந்து இருக்கும்."

"சிவப்பு மூடியில்?"

"இருக்காது."

"மருந்தில்லாத இரத்தம், மூன்று நாளுக்கு மேல், குளிரூட்டாத அலமாரியில். கிருமி புகுந்திருந்தால் அதிலேயே மது உருவாகுமா?"

கெமிஸ்ட் ஆல்பத்தைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"உருவாகலாம்."

"இந்த அறுபத்தொன்றில் சீனி குடித்தது எவ்வளவு, போத்தலில் ஊறியது எவ்வளவு? உங்கள் மெஷின் பிரித்துச் சொல்லுமா?"

"சொல்லாது."

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்படி உருவானதற்கு ஆதாரம் உண்டா?"

"இல்லை," என்றார் கெமிஸ்ட். "உருவாகவில்லை என்பதற்கும் இல்லை."

தீர்ப்புக்கு மூன்று வாரம் ஆனது. நவமணி அந்த இருபத்தொரு நாளும் தொழிற்சாலையில் கையுறைகளைத் தப்பாக அடுக்கி சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். தீர்ப்பை நீதிபதி நாலே நிமிடத்தில் வாசித்து முடித்தார். மெஷினில் பிழையில்லை, மெஷினுக்குள் போன இரத்தத்தை நம்ப முடியவில்லை, சந்தேகத்தின் பலன் சீனிக்கு, விடுதலை. லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவானது.

லைசன்ஸை வாங்கிக்கொண்டு கீழே வந்தார்கள். மோட்டார் நிழலில்லாத இடத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சீனி பழக்கமாய்ப் பின்சீட்டுப் பக்கம் போனார்.

"நில்லுங்க," என்றாள் நவமணி. "போத்தல வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. நீங்க சொல்லுங்க. அன்னிக்குக் குடிச்சீங்களா?"

"இல்ல."

"அன்னிக்கும் இதத்தான சொன்னீங்க."

"வேற என்னத்தச் சொல்லுவேன்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையில் துழாவிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மெதுவா ஓட்டுங்க. பிரேக் சரியில்ல."

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.