டாக்டரிடம் ஸ்டெல்லா கேட்ட கேள்வி

போன வாரம் செக்கப்புக்குப் போயிருந்தேன். எனக்குத் தசைச் சிதைவு நோய் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். இடுப்பும் தோளும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து, இப்போது வீல்சேர். தள்ளுவது மனைவி ஸ்டெல்லா. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

இருந்தது. ரொம்ப நாளாகவே இருந்தது. ஆனால் நான் என்ன கேட்டேன் தெரியுமா? நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று! வாராவாரம் ஊருக்கே யோசனை சொல்கிறவனின் துணிச்சல் அவ்வளவுதான்.

ஸ்டெல்லா தொண்டையைச் செருமினாள்.

"டாக்டர், நாங்க பழையபடி புருஷன் பொண்டாட்டியா இருக்கலாமா? இவங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

நான் சுவரில் இருந்த முதுகெலும்புப் படத்தை ஆராயத் தொடங்கினேன்...

டாக்டர் நெளியவில்லை. தாராளமாக இருக்கலாம் என்றார். இதயமும் மூச்சும் நன்றாக இருக்கின்றன. அலுப்பு சேர்வதற்கு முன், காலை நேரம் நல்லது. பக்கவாட்டில் படுத்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை. வலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு. சும்மா அணைத்துக்கொண்டு கிடப்பதும் தாம்பத்தியம்தான். இதையெல்லாம் முன்பே கேட்டிருக்கலாமே என்று என்னிடம் சொன்னார். நான் இன்னும் முதுகெலும்பில்தான் இருந்தேன்.

திரும்பும்போது ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

தனிக்கட்டில் வாங்கிப் போட்டு ஒதுங்கிப் படுத்தது நான்தான். நாளெல்லாம் என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்துவிடுகிறவள் முன்னால் புருஷன் என்று போய் எப்படி நிற்பது? நிற்கவே முடியாது என்பது வேறு விஷயம்! அதைச் சொன்னேன்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிட்டுன்னுல்லா நெனச்சேன். புதுச்சேலை கட்டி நின்னாக்கூட நிமிந்து பாக்க மாட்டேங்கிய."

பார்த்திருக்கிறேன். அவள் திரும்பியிருக்கும் நேரமாக, திருடனைப் போல. அதையும் சொன்னேன். அவள் அழுதாளா, சிரித்தாளா... ரயில் சத்தத்தில் தெரியவில்லை. என் கையை மட்டும் விடவில்லை.

வீல்சேரில் உட்கார்ந்தவனை நம் ஊர் உடனே சாமியாராக்கிவிடுகிறது. அந்தப் பதவியை நானும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். கூடவே, அவளைக் கேட்காமல் அவளுக்கும் சந்நியாசம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்!

மறுநாளே பழைய இரட்டைக் கட்டில் அறைக்குத் திரும்பியது. தூக்க வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, எதற்கு இந்த மாற்றம் என்றார். ஃபேன் காற்று சரியாக வரவில்லை என்றேன். தனிக்கட்டிலுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டிலைப் பிடித்தார்.

ஞாயிறு காலை. சினிமாவில் வருவது போலெல்லாம் இல்லை. ஒரு தலையணை கீழே விழுந்தது. முக்கியமான நேரத்தில் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவள் நீவிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்தே களைத்துப் போனோம். ஆனாலும் சொல்கிறேன் — இத்தனை சந்தோஷமாக நான் களைத்து ரொம்பக் காலமாகிறது.

சர்ச்சுக்குப் போனபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வாசலில் பிடித்துக்கொண்டு, ஏன் தாமதம் என்றார்.

"இவங்களுக்குச் சட்டை மாட்ட நேரமாயிட்டு, பாஸ்டர்" என்றாள் ஸ்டெல்லா.

உண்மைதான். கழற்றியது ஏன் என்று அவர் கேட்கவில்லை.