நீலக் கதவு வீடு

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பட்டப்பகலில், ஓர் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அங்கே டேட்டாபேஸ் என் பொறுப்பு. பதற்றத்தில் போன் செய்பவர்கள் முழு முகவரி சொல்ல மாட்டார்கள். ‘பெரிய மரத்துக்கு எதிர்ல’ என்று சொல்லி வைத்துவிடுவார்கள். பழைய அழைப்புக் குறிப்புகளில் அந்தச் சொற்களைத் தேடி, புதியது மேலே வரும்படி வரிசைப்படுத்தித்தான் வீட்டைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஐம்பது வினாடி ஆகும். பத்து வரி காட்டுவதற்காக, பொருந்துகிற லட்சம் வரிகளையும் அள்ளிவந்து அடுக்கிப் பார்க்கும் சனியன் அது.

“நாலு மணிக்குள்ள சரியாகணும். அங்க உயிர் போயிட்டிருக்கு, நீ காபி குடிச்சிட்டிருக்க!”

சூப்பர்வைசர்தான். வாட்சைப் பார்த்தபடியே பேசுவதால் அவருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பெயர். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மூன்று நாளாக நானும் தூங்கவில்லை.

டேட்டாபேஸின் நகலை என் கணினியில் வைத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். சொல்லையும் நேரத்தையும் சேர்த்தே வரிசையில் வைக்கிற ஓர் இன்டெக்ஸ் கட்டினேன். போன் எடுக்கும் அக்கா, இழுத்தடிக்கும் சொற்களைப் பட்டியல் எழுதித் தந்திருந்தார். ‘விபத்து’ அரை வினாடி. ‘மயக்கம்’ அரை வினாடி. அப்பாடா!

2:40. பட்டியலில் கடைசி, ‘நீலக் கதவு’. ஐம்பது வினாடி. பொருந்தியது ஒரே ஒரு வரி, போன வருடத்தது. ஒற்றை வரியில் அடுக்க என்ன இருக்கிறது? இன்டெக்ஸை அழித்துத் திரும்பக் கட்டினேன். அப்போதும் ஐம்பதேதான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

3:05. மறுபடி தேடினேன். இப்போது இரண்டு வரி. மேலே புதியது, நேரம் 3:04. ‘நீலக் கதவு. அவருக்கு மூச்சு முட்டுது.’

கேபிள் தரையில்தான் கிடந்தது. வெளியிலிருந்து ஒரு வரியும் இதற்குள் வர வழியில்லை...

3:07. மூன்று வரி. ‘நீலக் கதவு. இன்னும் தேடுறீங்களா?’

3:08. நான்காவது. வீட்டு எண், தெரு, இரண்டாம் மாடி...

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“சார், வண்டி அனுப்புங்க!”

“எந்த கால்? ஒண்ணும் வரலையே?”

“அனுப்புங்க சார்!” கத்திவிட்டேன். முகவரியைப் படித்தேன். ஸ்டாப்வாட்ச் வாயைத் திறப்பதற்குள் அக்கா வண்டியை அனுப்பிவிட்டார்.

அந்த வீட்டுப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் அவ்வளவுதானாம். அவர் தனியாள். போன் செய்ய வீட்டில் யாருமே இல்லை.

மறுநாள் அக்கா அந்தப் போன வருடத்து வரியைத் திறந்து பார்த்தார். அதே வீடு.

“அவரோட சம்சாரம்ப்பா. நெஞ்சு வலின்னு கூப்பிட்டாங்க. நீலக் கதவுன்னு மட்டும்தான் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். தேடி முடிக்கறதுக்குள்ள... லைன்லயே மூச்சு நின்னுடுச்சு.”

இந்த முறை அந்த அம்மா முழு முகவரியையும் சொல்லியிருந்தார். எங்கள் தேடலை அவர் நம்பவில்லை.