மகளின் இதயமும் தம்பியின் கல்யாணமும்

போன தை மாதம் வெள்ளகோவிலில் ஒரு மண்டபத்தில் என் தம்பியின் கல்யாணம் நடந்தது. அதே காலையில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் என் மகளின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். ரத்தசோகையாக இருக்கும் என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு தாளில் நான்கு அறைகள் வரைந்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை. நுரையீரலில் சுத்தமாகி இடப்பக்கம் வரும் ரத்தத்தில் ஒரு பங்கு, உடம்புக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாக வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. அதையும் சேர்த்து இறைத்து இறைத்து வலப்பக்கம் வீங்கியிருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, குடை மாதிரி ஒன்றை விரித்து அடைத்துவிடலாம். ஆனால் ஓட்டையின் ஓரம் ஒரு பக்கம் மெலிசு; குடை சரியாக உட்காராவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்றார்.

மகளுக்கு வந்த காய்ச்சலால் தள்ளிப்போன சிகிச்சைத் தேதி, கல்யாணத்தன்றே வந்து விழுந்தது. இனியும் தள்ள டாக்டர் ஒப்பவில்லை. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒரு சடங்கு, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் செய்ய வேண்டும். தம்பிக்கு நான் ஒரே அக்கா.

"நான் பாத்துக்கறேன், நீ போ. நீ இல்லீன்னா ஏன்னு கேப்பாங்க. இருதயத்துல ஓட்டைன்னு ஒரு வார்த்தை வெளிய போனா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றார் கணவர். எனக்கும் அதே பயம். மகளுக்குப் பரீட்சை, அவளைக் கூட்டிவர அவர் போயிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

மேடையில் இணைச்சீருக்காக, பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறுமுனை என் கையில். "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றார் வீடியோக்காரர். சிரித்தேன். மனம் அந்தக் குழாயோடு போய்க்கொண்டிருந்தது. இப்போது தொடையில் விட்டிருப்பார்கள். வயிற்றைத் தாண்டியிருக்கும். வலது மேலறைக்குள் நுழைந்திருக்கும். குடையை விரித்திருப்பார்களா?

என் பக்கம் சேலை தொய்வது தம்பிக்குத் தெரிந்துவிட்டது.

"என்னுங்கக்கா, சேலை இப்படித் தொய்யுது?"

"காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலடா."

"கல்யாணம் எனக்கு, விரதம் உங்களுக்கா?" என்று சிரித்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பெண் அமையாமல் எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த சிரிப்பு அது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கெட்டிமேளம் கொட்டும்போது போன் அதிர்ந்தது. கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். "அடைச்சுட்டாங்க. சரியா உக்காந்துக்குச்சாம். நெஞ்சத் தொறக்க வேண்டியதில்ல" என்று சொல்லும்போதே கணவரின் குரல் உடைந்தது. அவரும் அங்கே தனியாகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

குழாயடியில் நின்று அழுதேன். சித்தி பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, இதுக்குப் போயி அழுகாச்சியா? உன்ற தம்பிக்குப் பொண்ணு தேடித் தேடி உங்கப்பனுக்குச் செருப்புத்தான் தேஞ்சுது. இன்னிக்குச் சிரிக்காம என்னிக்குச் சிரிப்ப? மூஞ்சியக் கழுவீட்டு வா, பந்தி ஆரம்பிச்சாச்சு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவ்வளவு பேருக்கு நடுவே அப்படி ஒரு தனிமையை நான் அறிந்ததில்லை.

சாயங்காலம் பட்டுச்சேலையோடே மருத்துவமனைக்குப் போனேன். காலை அசைக்கக் கூடாது என்று மகளை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஆராச்சும் என்னயக் கேட்டாங்களாம்மா?"

"எல்லாரும் கேட்டாங்க கண்ணு. பரீட்சைன்னு சொல்லிப்போட்டேன்."

அவள் மேலே பார்த்தபடியே, "ஒருத்தராச்சும் வந்து பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். தம்பிக்குப் போன் செய்யும்போதெல்லாம் சொல்ல வாயெடுத்து, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நாளை அவளைப் பெண் கேட்டு வரப்போகிற யாரோ ஒருவருக்குப் பயந்து, அன்று அவளைப் பார்க்க வந்திருக்கக்கூடிய அத்தனை பேரையும் நாங்களே தடுத்துவிட்டோம் என்பது இன்னமும் என் நெஞ்சை அறுக்கிறது.